டகோமாவைத் தூக்கிய கணக்கு: இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்வது செலவுதான்

பிக்கப் வாங்கிய எவருக்கும் சில மாதங்களில் ஓர் ஆசை வந்துவிடுகிறது: இதைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் என்ன? ஆசையோடு தேடத் தொடங்கினால், வண்டியின் உயரத்தைக் கூட்டும் உதிரிபாகங்கள் அடங்கிய 'லிஃப்ட் கிட்' பெட்டிகள் 100 டாலர் முதல் 4,000 டாலர் வரை வரிசைகட்டி நிற்கும். எல்லாப் பெட்டிகளின் மேலும் அதே பாறை, அதே சேறு, ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கி நிற்கும் அதே வண்டி. நான் ஒதுக்கியது 1,500 டாலர். உதிரிபாகம், கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கியது. எத்தனை அங்குலம் தூக்குவது என்ற எண்ணைச் சிறியதாக வைத்துக்கொண்டதால்தான் அடங்கியது; பெட்டியின் விலைக்கு அதில் இரண்டாம் இடம்தான்.

வண்டி, 2022 டொயோட்டா டகோமா எஸ்.ஆர்.5. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம். நாங்கள் இருப்பது கொலராடோவில், டென்வரை ஒட்டிய அரோராவில். கோடை வந்தால் தெற்கே சான் வான் மலைத்தொடருக்குப் போவோம். லேக் சிட்டி, சில்வர்ட்டன், யூரே ஆகிய மூன்று ஊர்களையும் தொடும் ஆல்பைன் லூப் என்ற 65 மைல் வட்டப்பாதை அங்கே இருக்கிறது. சின்னமன் கணவாய் 12,600 அடிக்கும் மேல், எஞ்சினியர் கணவாய் 12,800 அடி. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுரங்கக்காரர்கள் கோவேறு கழுதைகளை வைத்து வண்டி இழுத்த வழிகள் அவை. பக்கத்து மாநிலமான யூட்டாவில், கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் பாதை சுமார் 100 மைல். இவற்றில் எதற்கும் ராட்சத வண்டி வேண்டாம். அடிவயிறு உயரமாக இருந்து நான்கு சக்கரமும் இழுத்தால் போதும். எந்த மாற்றமும் செய்யாத வண்டிகள் அன்றாடம் போய்வருகின்றன. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

அழகுக்காகத்தான் தூக்குகிறேன் என்றால் அதிலும் தவறில்லை. தனக்குத்தானே அதை ஒப்புக்கொண்டால் நல்லது. அதற்கான மலிவான வழி வேறு.

முதல் கோடை முழுவதும் வண்டியை வந்தபடியே ஓட்டினேன். மலையிலிருந்து திரும்பியதும் கழுவிவிட்டு, அட்டைப்பெட்டியை விரித்துக் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. உரசிய இரும்பு பளபளக்கும், மறைக்க முடியாது. முன் பம்பருக்குக் கீழே தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பு நார்நாராகக் கிழிந்திருந்தது. பின்னால், டிரெய்லர் இழுக்கும் கொக்கியைச் செருகும் இரும்புக் குழாயின் அடியில் பாறைத் தடம். நடு வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. பின் ஆக்சிலின் நடுவே உருண்டு நிற்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலிலும் இல்லை.

எந்தக் கடைக்காரரும் இந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். முன்னால் உரசுவது பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக். அதைக் கழற்றிவைக்க ஒரு ஸ்பேனர் போதும், காசு செலவில்லை. பின்னால் இடிப்பதற்குக் காரணம் சுமை. குடும்பமும் கூடாரமும் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது. ஆக எனக்கு வேண்டியது முன்னால் மிதமான உயர்வு, பின்னால் சுமை தாங்கும் பலம். லிஃப்ட் கிட் என்ற பெயரில் மலிவாக விற்பவற்றில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை: முன்னால் மூன்று அங்குலம், பின்னால் ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயத்தையும் கடையில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங், ஷாக் பகுதியில் செய்யும் சஸ்பென்ஷன் லிஃப்ட் உடலையும் சேசிஸையும்தான் உயர்த்தும். பின் ஆக்சில் இருந்த உயரத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நேராகப் படுத்திருக்கும் ஒற்றைத் தண்டு. அதன் உருண்டை பாறையில் இடிக்கிறது என்றால் நான்கு அங்குல லிஃப்ட் போட்டாலும் இடிக்கும். அதைத் தூக்க டயரைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. என் வண்டியோடு வந்த டயர் 245/75 ஆர்16, விட்டம் ஏறக்குறைய 30.5 அங்குலம். 265/75 ஆர்16 போட்டால் 31.6. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். 15 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். கேட்கச் சிறிது, பாறைமேல் அதன் அருமை தெரியும்.

இனி முன்பக்கம். டகோமாவின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக கன்ட்ரோல் ஆர்ம் என்ற இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் அதற்கு வெளியே, ஆர்மின் நுனியில். ஆகவே ஸ்ட்ரட்டில் ஓர் அங்குலம் கூட்டினால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் கூடும். பெட்டியில் '2 அங்குல லிஃப்ட்' என்று அச்சடித்திருக்க, உள்ளே ஓர் அங்குல வட்டு மட்டும் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஏமாற்று இல்லை, நெம்புகோல் கணக்கு.

அந்த வட்டுதான் ஸ்பேசர், இருப்பதிலேயே மலிவான வழி. ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேசிஸுக்கும் இடையே செருகிவிடுவார்கள். காயிலைப் பிரிக்க வேண்டியதில்லை, அரை நாள் வேலை, வண்டியின் மிருது அப்படியே இருக்கும். ஸ்டூல் மேல் நிற்பவர் உயரமாகத் தெரிவார், கால் நீண்டுவிடாது, இதுவும் அப்படித்தான். மொத்த ஸ்ட்ரட்டும் ஓர் அங்குலம் கீழே இறங்கிவிடுவதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆர்ம் பழைய எல்லையைத் தாண்டி இரண்டு அங்குலம் கூடுதலாக இறங்குகிறது. ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்டும், இன்ஜின் சக்தியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் சி.வி. தண்டும் அந்தக் கோணத்தில் வளைந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். மேட்டில் ஏறி சக்கரம் முழுவதுமாக அமுங்கும்போது சிக்கல் எதிர்ப்பக்கம்: ரப்பர் தடுப்பில் ஆர்ம் மோதுவதற்கு முன்னரே ஷாக்கின் அடி மோதிவிடக்கூடும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. பாறைப் பாதையில் ஓடும் வண்டிக்குப் பெரிய விஷயம்.

காயிலுக்குள்ளேயே வைக்கும் மெல்லிய ஸ்பேசர் ஒரு வகை. அதே வேலையைச் சுத்தமாகச் செய்யும் ஷாக்குகள் இன்னொரு வகை. பில்ஸ்டீன் 5100 அந்த இனம். ஷாக்கின் உடலில் சில பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். காயில் உட்காரும் தட்டை எந்தப் பள்ளத்தில் வளையம் மாட்டி நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்து உயரம். வண்டியோடு வந்த காயிலையே திரும்பப் பயன்படுத்தலாம், பணம் மிச்சம். ஷாக்கின் மொத்த நீளத்துக்கு ஓர் எல்லை இருப்பதால் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காது. இதற்கும் விலை உண்டு. வண்டி ஏற்கெனவே மேலே நிற்பதால் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் இடம் குறைகிறது. உயரத்தைக் கூட்டக் கூட்ட, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஷாக் மேல்முனையில் மோதும் சத்தம் கேட்கத் தொடங்கும். ஒன்றரை, ஒன்றேமுக்கால் அங்குலத்தில் இது தெரிவதில்லை.

இவற்றுக்கு மேல் புதிய காயிலோடு வரும் கிட்டுகள். ஆஸ்திரேலிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்ட் மேன் ஈமு இதில் பேர்பெற்றது. முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டு அந்த எடைக்கேற்ற காயில் தருகிறார்கள். விலை 1,000 டாலரைத் தாண்டும், ஆனால் கொடுத்த காசுக்குப் பொருள் இருக்கிறது. அதற்கும் மேலே ஃபாக்ஸ், கிங், ஐகான் போன்ற நிறுவனங்களின் தனி உலகம். இந்தக் கட்டுரைக்கு அது வெளியே. சேசிஸுக்கும் கேபினுக்கும் நடுவில் கட்டை வைத்து உடலை மட்டும் தூக்கும் பாடி லிஃப்டும் மலிவுதான். பெரிய டயருக்கு இடம் தரும், அடிவயிற்றை ஒரு நூலளவும் உயர்த்தாது. எனக்கு அதனால் பயனில்லை.

தேர்வை உண்மையில் முடித்துவைப்பது இரண்டு அங்குலம் என்ற கோடு.

முன்பக்கத்தை உயர்த்தும்போது காஸ்டர் என்ற சாய்வு குறைகிறது. சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவது அந்தச் சாய்வால்தான். இரண்டு அங்குலத்துக்குள் நின்றால் கீழ் ஆர்மில் இருக்கும் சரிசெய்யும் போல்ட்டுகளைத் திருப்பியே அலைன்மென்ட்காரர் பெரும்பாலும் சாய்வை மீட்டுவிடுவார். மூன்றை நெருங்கினால் முடியாது. புது மேல் ஆர்ம் வாங்க வேண்டும்; ஜோடி 500 டாலரிலிருந்து தொடங்குகிறது. பழைய மேல் ஆர்ம் காயிலில் உரசும் ஆபத்தும் அந்த உயரத்தில்தான் வருகிறது. சி.வி. தண்டின் கோணம் அதிகமாகி, அதை மூடியிருக்கும் ரப்பர் உறை மடிப்பில் தேய்ந்து கிழியும். கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் சிதறும். அதைத் தணிக்க முன் டிஃபரன்ஷியலைச் சற்று இறக்கும் கிட் ஒன்று விற்கிறார்கள். பின்பக்கத்தையும் ஈடுகட்டித் தூக்கினால் பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும், இரண்டு துண்டான டிரைவ் ஷாஃப்டில் அதிர்வு வரக்கூடும்; நடு பேரிங்கை இறக்க இன்னொரு கிட். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். 150 டாலர் ஸ்பேசர் இப்படித்தான் 2,000 டாலராகிறது. முதல் பெட்டியின் விலை மட்டுமே விளம்பரத்தில் வரும்.

டொயோட்டாவே என்ன செய்தது என்று பார்த்தால் இது விளங்கும். 2022 மாடலில் டகோமாவின் டி.ஆர்.டி. புரோ வகைக்கு முன்னால் 1.5 அங்குலமும் பின்னால் அரை அங்குலமும் தொழிற்சாலையிலேயே உயர்த்தித் தந்தார்கள். டிரெயில் எடிஷனுக்கு முன்னால் 1.1, பின்னால் 0.5. புரோவின் ஒன்றரை அங்குலத்துக்கே புதிய மேல் ஆர்ம்களையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அந்த வண்டியை வடிவமைத்த பொறியாளர்கள் நின்ற இடம் அது. நாம் அதைவிடக் கால் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். இரு மடங்காக்கினால் கேள்விகளை நாம்தான் எதிர்கொள்ள வேண்டும்.

மதிப்பீடு கேட்டுச் சில பட்டறைகளுக்குப் போனேன். ஓர் இடத்தில் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல், "முன்னால் மூன்று அங்குல ஸ்பேசர், வண்டி நேராக நிற்கும், 450 டாலர்" என்றார்கள். அலைன்மென்ட் அதில் சேர்த்தியா என்று கேட்டேன். சேர்த்தியில்லை. மேல் ஆர்ம் மாற்ற வேண்டுமா என்றேன். "இப்போதைக்கு வேண்டாம்" என்று பதில் வந்தது. பட்டறைக்குப் போகும் எவரும் கேட்க வேண்டியவை இந்த இரண்டு கேள்விகள்தான். 'இப்போதைக்கு' என்ற சொல் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். இன்னோர் இடத்தில், வடக்கு அரோராவில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக், முதலில் சரக்குத் தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். "சாதாரணமாக இதில் என்ன ஏற்றுவீர்கள்?" என்று கேட்டார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

பின்பக்கத்தைப் பற்றி இனி கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

எந்தப் பிக்கப்பும் கடையிலிருந்து வரும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கியபடிதான் நிற்கும். சுமை ஏறியதும் நேராக வேண்டும் என்பதற்காக அப்படி. காலி வண்டி நேராக நின்றால் அழகு என்று முன்பக்கத்தை மட்டும் உயர்த்திவிட்டால், குடும்பமும் சாமானும் ஏறிய அன்று மூக்கு வானத்தைப் பார்க்கும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதையே வேண்டுமென்று செய்து, முன்னால் தூக்கிப் பின்னால் இறக்கும் ஒரு பாணி கிழக்குக் கரையில் பரவி, 2021-இல் வட கரோலினா சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்குப் போயிற்று. வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் பின்தொடர்ந்தன. லிஃப்ட் உயரத்துக்கும் பம்பர் உயரத்துக்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் தெரியும்: ஆட்களும் சரக்கும் சேர்த்து இவ்வளவு எடைக்கு மேல் ஏறக்கூடாது என்று. என் வண்டியில் 1,100 பவுண்டுக்குச் சற்று மேல். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்த கோடையில் கணக்குப் போட்டேன். நாங்கள் மூவர், அவர்கள் இருவர், ஐவருமாக 680 பவுண்டு. சரக்குத் தொட்டியின் ஃபைபர் மூடி 180. தண்ணீர், ஐஸ் பெட்டி, கூடாரம், அடுப்பு எல்லாம் 200. மொத்தம் 1,060. எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எந்த லிஃப்டும் இந்த எண்ணைக் கூட்டாது. பலமான ஸ்பிரிங் போட்டால் வண்டி தாழாமல் நிற்கும். பிரேக்கும் ஆக்சிலும் சேசிஸும் பழைய பலத்திலேயே இருக்கும். வண்டி நேராக நிற்கிறதே என்று மேலும் ஏற்றுவது ஆபத்து.

பின்னால் மூன்று வழிகள் இருந்தன. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது மிக மலிவு. உயரம் தரும், பலம் தராது. கட்டை உயர உயர, ஆக்சிலை முறுக்கும் விசைக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. ஏற்கெனவே இருக்கும் கட்டையின் மேல் இன்னொன்றை அடுக்குவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இரண்டாவது, இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளோடு நீளமான ஒரு பட்டையைச் சேர்ப்பது. நான் எடுத்தது இதைத்தான். ஓர் அங்குலம் உயர்ந்தது, சுமையும் தாங்குகிறது. காலியாக ஓட்டும்போது பின்பக்கம் சற்று முரடாகிவிட்டது என்பது உண்மை. அலுவலகத்துக்குத் தினமும் அதே வண்டியில் தனியாகப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஸ்பிரிங் பட்டைகள் முழுவதையும் மாற்றுவது. மிகச் சிறந்தது அதுதான், 700 டாலருக்கும் மேல் ஆகும் என்பதால் விட்டுவிட்டேன். டிரெய்லர் இழுப்பவர்கள் காற்றுப்பை வைத்துக்கொள்கிறார்கள். தார்ச்சாலைக்கு அது வசதி, மேடுபள்ளத்தில் ஆக்சிலின் அசைவைக் கட்டிப்போட்டுவிடும்.

முடிவில் ஆன கணக்கு: நான்கு பில்ஸ்டீன் 5100 ஷாக்குகள் 620 டாலர், பின் பட்டைகளும் அவற்றை ஆக்சிலோடு கட்டும் புதிய யு போல்ட்டுகளும் 110, சில்லறைச் சாமான் 40, கூலி 420, அலைன்மென்ட் 130. ஆக 1,320. முன்னால் சுமார் 1.75 அங்குலம், பின்னால் ஓர் அங்குலம். டயரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. புது வண்டியின் டயர் புதிதுதானே. அது தேயும்வரை ஓட்டிவிட்டு அடுத்த முறை பெரிதாக வாங்கினால் போதும். டயருக்காக லிஃப்டையும் லிஃப்டுக்காக டயரையும் ஒரே மாதத்தில் வாங்குவதால்தான் பலருக்குக் கடன் அட்டை நிறைகிறது.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பார்கள். பின்பக்கத்தைச் செய்யலாம், ஜாக்கியும் தாங்கிகளும் பொறுமையும் இருந்தால் போதும். முன்பக்கத்தில் காயிலை அமுக்கிப் பிரித்து மாட்ட வேண்டியிருக்கிறது. அமுங்கிய காயில் நழுவினால் ஆளை முடக்கிவிடும். வாடகைக்குக் கிடைக்கும் மெல்லிய அமுக்கிகளை நம்பி நான் இறங்க மாட்டேன். ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி எடுத்துப்போய், பட்டறையின் சுவர் இயந்திரத்தில் காயிலை மாற்றி வாங்கிவந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அது நல்ல நடுவழி, கூலியில் பெரும்பகுதி மிஞ்சும்.

யார் செய்தாலும் சிலவற்றைக் கண்ணால் பாருங்கள். வேலை தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் நடு அச்சிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றுக்கேற்ப எண் மாறும். பல பிக்கப்புகள் ஓட்டுநர் பக்கம் கால் முதல் அரை அங்குலம் தாழ்ந்தே நிற்கும். பெட்ரோல் டேங்கும் ஓட்டுநரும் அந்தப் பக்கம் என்பதால். இருபுறமும் ஒரே அளவு உயர்த்தினால் சாய்வும் அப்படியே உயரும். அந்தப் பக்கம் மட்டும் கால் அங்குல வளையம் ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும். அடுத்தது, கீழ் ஆர்மின் போல்ட்டுகளை இறுக்கும் நேரம். வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கேறி, சீக்கிரமே கிழிந்துவிடும். சக்கரங்கள் தரையில் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. என் மெக்கானிக் நான் கேட்காமலேயே அப்படிச் செய்தார். இங்கே குளிர்காலத்தில் சாலையில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடு அந்தப் போல்ட்டுகளைத் துருவால் பூட்டிவிடும் என்று சொல்லி, புதிய வண்டியாக இருக்கும்போதே செய்தது நல்லது என்றார். பழைய வண்டியில் போல்ட்டை அறுத்தெடுக்கும் கூலி தனி.

அலைன்மென்ட் முடிந்ததும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பச்சைக் கட்டத்துக்குள் எண் இருந்தால் மட்டும் போதாது. காஸ்டர் இருபுறமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா, முடிந்தவரை மேல் எல்லையை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் சற்று அலைபாய்ந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் காஸ்டரை இன்னும் கூட்டித் தரச் சொல்லி வாங்கினேன், கூடுதல் கட்டணம் இல்லாமல்.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவையும் உண்டு. லிஃப்ட் போடும் முன்பே வண்டியைச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, முகப்பு விளக்கின் வெளிச்சம் எங்கே வெட்டுகிறது என்று டேப் ஒட்டி வைத்திருந்தேன். பிறகு ஒரு ஸ்குரூடிரைவரால் அந்தக் கோட்டுக்கே இறக்கிவிட்டேன். எதிரே வருபவருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது. 2018 முதல் டகோமாவில் முன்னால் வரும் வண்டியைக் கண்டு தானாகப் பிரேக் பிடிக்கும் ரேடாரும் கேமராவும் வருகின்றன. சஸ்பென்ஷன் மாற்றம் அவற்றின் பார்வையைப் பாதிக்கக்கூடும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, தேவையானால் திரும்பச் சீரமைக்க என்ன ஆகும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பெரிய டயர் போட்டபின் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். மேலே சொன்ன டயர் மாற்றத்துக்கு வித்தியாசம் நான்கு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முள் 60 என்றால் நிஜம் 62-க்கு மேல்.

வாரன்டி போய்விடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். 1975-ஆம் ஆண்டின் மேக்னஸன்–மாஸ் சட்டப்படி, வெளிப்பொருள் ஒன்றைப் பொருத்தியதாலேயே மொத்த வாரன்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பொருளால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். ஆனால் மூன்று அங்குல ஸ்பேசர் போட்ட வண்டியில் சி.வி. தண்டு உடைந்தால் அதைக் காட்டுவது அவர்களுக்குக் கடினமாக இருக்காது. ஒன்றேமுக்கால் அங்குலத்தில் நின்றதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

மைலேஜ் சற்றுக் குறைந்திருக்கிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் மலையிறக்கத்தில் பக்கக் காற்று அடித்தால் முன்பைவிட உணர்கிறேன். பாறைப் பாதையிலோ வண்டி வேறு வண்டியாகிவிட்டது. கல்லில் இறங்கும்போது முன்பு குலுங்கித் துள்ளிய முன்பக்கம் இப்போது ஒரே அமுக்கில் அடங்குகிறது. இதில் உயரத்தைவிட ஷாக்கின் பங்குதான் அதிகம் என்பது என் எண்ணம். உயரமே வேண்டாம், சொகுசு போதும் என்பவர்கள் அதே ஷாக்கை லிஃப்ட் இல்லாத பள்ளத்தில் வைத்து மாட்டிக்கொள்ளலாம்; அலைன்மென்ட் சிக்கல்கள் பாதி குறையும்.

வீட்டில் இதற்கு எழுந்த ஒரே எதிர்ப்பு அம்மாவிடமிருந்து. "இதில் ஏறுவதற்கு ஏணியும் வாங்கிவிட வேண்டியதுதானே?" என்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. இரண்டு அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம் எழுபது வயது முழங்காலுக்கு எவ்வளவு பெரியது என்பது எந்தக் கிட்டின் பெட்டியிலும் எழுதியிருக்காது. பக்கவாட்டில் கால்வைக்கும் படி மாட்ட 200 டாலர் ஆயிற்று. பாறையில் முதலில் இடிக்கப்போவது அந்தப் படிதான் என்று தெரிந்தே, நான்கு போல்ட்டில் கழற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கினேன். வீட்டில் பெரியவர்கள் ஏறும் வண்டியானால் இந்தத் தொகையையும் லிஃப்ட் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அண்ணா என்று அழைக்கும் நண்பர் ஒருவர் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஆறு அங்குலம் தூக்கிய பெரிய பிக்கப் வைத்திருக்கிறார். பார்க்கக் கம்பீரம். "செலவு எவ்வளவு ஆச்சு அண்ணா?" என்று கேட்டால் மனைவி பக்கத்தில் இல்லாதபோது சொல்கிறேன் என்பார்.

முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும், நான் செய்ததை அப்படியே செய்யாதீர்கள். அந்த எடை ஏறினால் பழைய காயில் தாழ்ந்து, உயர்த்திய அங்குலத்தில் பெரும்பகுதி போய்விடும். பம்பரை முதலில் மாட்டி, எடையைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற காயிலோடு வரும் கிட்டை ஒரே தடவையில் வாங்குங்கள். பழைய ஸ்பேசர் கிட்டைப் பாதி விலைக்கு யாராவது விற்றால், அவர் ஏன் கழற்றினார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்த வழியில் போனாலும், சில நூறு மைல் ஓடியதும் பின் யு போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புதிய ஸ்பிரிங் பட்டைகள் சுமையில் படிந்து உட்காரும்போது யு போல்ட் இறுக்கம் தளர்வது வழக்கம். என் வண்டியிலும் ஒன்று கால் சுற்று திரும்பியது.